நாற்பத்தேழு கிலோ மணல் மூட்டை

என் தங்கை இன்று கோலா கெத்தில் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் வேகத்தைப் பார்க்கும்போதெல்லாம், அவள் பத்திரமாகப் பிறக்கவேண்டும் என்று ஒரு பழைய மோட்டாரை நாங்கள் எப்படியெல்லாம் தாஜா செய்தோம் என்று சொல்லத் தோன்றும். சொன்னாலும் நம்பமாட்டாள்.

எனக்கு அப்போது ஏழு வயது. செம்பனைத் தோட்டத்து வரிசை வீட்டில் குடியிருந்தோம். அம்மா ஏழு மாதக் கர்ப்பிணி. டவுன் கிளினிக்குக்குப் போய்வர அப்பாவின் மோட்டாரை விட்டால் வேறு வழியில்லை. குலை ஏற்றும் லாரிகள் தோண்டிப்போட்ட செம்மண் பாதையில் அது ஒவ்வொரு குழிக்கும் தனித்தனியாக ஒப்பாரி வைக்கும். குலுங்காமல் வரவேண்டும் என்று கிளினிக் தாதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவின் தம்பியான மாமா ஓடிவந்தார். சுங்கைப் பட்டாணி நகரில் தொழிற்சாலை வேலை. விடுமுறை நாளில் தன் மோட்டாரைக் கழற்றி மாட்டாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

"புதுசு வாங்க ஏன் மச்சான் டூயிட்ட கொட்டணும்? பழைய இரும்புக் கடையில நல்ல அப்சோபர் கெடக்கு லா," என்றார்.

சொன்னபடியே பெரிய மோட்டாரிலிருந்து கழற்றிய, குலுக்கலைத் தாங்கும் இரண்டு அப்சோபர்களைக் கொண்டுவந்து, டீசலில் கழுவிப் பின்சக்கரத்துக்கு மாட்டினார். முன்பக்கக் குழாய்களில் இருந்த கறுத்த எண்ணெயை வடித்துவிட்டு, கெட்டியான எண்ணெயை ஊற்றினார். இனி ஸ்பிரிங்கை எத்தனையாவது பல்லில் நிறுத்துவது என்பதுதான் பாக்கி. ஐந்து பல் இருந்தது. இறுக்கி வைத்தால் தூக்கி அடிக்கும், தளர்த்தி வைத்தால் குழியில் இறங்கி இடிக்கும், உட்காருகிறவரின் எடை தெரியவேண்டும் என்று மாமா விளக்கினார்.

அம்மாவை உட்காரவைத்துப் பார்த்தால் முடிந்தது. அதுதான் நடக்காது. எத்தனை மாதம், எவ்வளவு எடை என்று எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கக்கூடாது, கண்ணேறு பட்டுவிடுமாம். கைக்குட்டை அளவு துணிகூட வாங்கி வைக்கவில்லை. பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்தபோது இவ்வளவு கெடுபிடி இல்லையே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மாமா என்னைத் தனியாக அழைத்தார். "கிளினிக்ல குடுத்த பிங்க் புத்தகம் இருக்குல்ல, அதுல அம்மா எடை எழுதியிருக்கும். கடைசியா என்னா போட்டிருக்குன்னு பாத்துட்டு வா பாப்பா."

முக்கியமானதெல்லாம் அலமாரியில் சேலைகளுக்கு அடியில்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். புத்தகமும் அங்கேதான் இருந்தது. கடைசியாக எழுதியிருந்த எண் நாற்பத்தேழு. அதற்குப் பிறகு எல்லாம் வெற்றுப் பக்கங்கள். நான் கணக்குப் புத்தகத்தைப் பாதியில் விட்டால் அம்மா காதைத் திருகுவார். பெரியவர்களை யார் கேட்பது?

மாமா உரச் சாக்கில் ஆற்று மணலை நிரப்பி, மளிகைக் கடைத் தராசில் நாற்பத்தேழு கிலோ சரியாக நிறுத்துவந்தார். அப்பா முன்னால் உட்கார, மூட்டையைப் பின்னால் கட்டி, மோட்டார் எத்தனை விரல் கடை இறங்குகிறது என்று அளந்தார். இரண்டாம் பல்லில் நிறுத்தினார். அப்பா மூட்டையோடு தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். அம்மாவைக்கூட அவர் அத்தனை பவ்வியமாக ஏற்றிச் சென்றதில்லை. "நல்லாத்தான் இருக்கு," என்றபோது அவர் முகத்தில் பல நாள் கழித்துச் சிரிப்பைப் பார்த்தேன்.

கிளினிக் நாளில் அப்பாவும் அம்மாவும் முன்னால் போக, நானும் மாமாவும் அவர் மோட்டாரில் பின்னால் போனோம். தோட்டத்தைத் தாண்டியதும் வரும் மதகுப் பாலத்துக் குழியில் அப்பாவின் பின்சக்கரம் இறங்கியது. 'டங்' என்று இரும்பு இரும்பில் இடித்த சத்தம் எங்களுக்கே கேட்டது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்துங்க. நான் நடந்தே வரேன்."

யார் சொல்லியும் ஏறவில்லை. மீதித் தூரம் முழுவதும் அம்மா முன்னால் நடந்தார். நன்றாக ஓடுகிற இரண்டு மோட்டார்களை இரண்டு ஆண்கள் வெயிலில் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார்கள். எதிரே வந்த லாரிக்காரர் பெட்ரோல் தீர்ந்துவிட்டதா, எண்ணெய் வேண்டுமா என்று கேட்டார். அப்பா வேண்டாம் என்று கை காட்டிவிட்டுத் தள்ளிக்கொண்டே போனார்.

கிளினிக்கில் தாதி அம்மாவின் வயிற்றில் கருவியை வைத்தார். குதிரை ஓடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. "ஜந்தோங் பாகுஸ். ஹார்ட் நல்லா அடிக்குது," என்றார். அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அழுதுகொண்டே அவரைத் திட்டினார். எனக்கும் காரணம் தெரியாமல் மனம் லேசாகிவிட்டது.

பிறகு அம்மாவைத் தராசில் நிறுத்தி, "ஐம்பத்தொன்பது," என்று தாதி உரக்கச் சொன்னார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரிப் புத்தகத்தை எடுத்து மாமாவிடம் காட்டினேன். அட்டையைப் பார்த்தார். உள்ளே இருந்த தேதியைப் பார்த்தார். திட்டுவார் என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவர் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே, சேலை மடிப்பு கலையாமல் வைத்தார். "அம்மாட்ட சொல்லாத," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய், சாக்கில் இன்னும் பன்னிரண்டு கிலோ மணல் சேர்த்து அளந்து, ஸ்பிரிங்கை நான்காம் பல்லுக்கு ஏற்றினார்.

அதன்பிறகு மதகு எங்களை ஒன்றும் செய்யவில்லை. வலி வந்த அன்றும் அம்மா அதே மோட்டாரில்தான் போனார். தங்கை கையும் காலும் நலமாக, ஊரைக் கூட்டும் குரலோடு வந்துசேர்ந்தாள். வீட்டில் எல்லோருக்கும் மறுபடி பேச்சு வந்தது.

தொட்டில் கட்ட வந்த மாமாவிடம், அலமாரியில் இருக்கும் அந்தப் பழைய பிங்க் புத்தகத்தைப் படம் வரையக் கேட்டேன்.

"வேணாம் பாப்பா. அது முடிஞ்சுபோன புத்தகம்," என்றார்.

எனக்கு மூன்று வயதானபோது ஐந்தாம் மாதத்தில் ஒரு பிள்ளை அம்மாவுக்குத் தங்காமல் போனதையும், அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்குப் போட்டது என்பதையும் நான் வளர்ந்த பிறகுதான் சொன்னார்கள். அன்றைக்கு நான் விடவில்லை. புத்தகத்தைக் கொண்டுவந்து, வெற்றுப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் காட்டினேன். இத்தனை பக்கம் மிச்சமிருக்கும்போது முடிந்துவிட்டது என்கிறாரே, மாமாவுக்கு எண்ணத் தெரியாதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.