ரத்தத்தில் கசிந்த தசை

என் அண்ணன் ஆயர் தாவார் பக்கம் இருக்கிறார். அவர் தொடைத் தசையில் ஒரு துணுக்கு மட்டும் வெளிநாட்டில் இருக்கிறது. இதைச் சொன்னால் ஆட்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அண்ணன் தானே சொல்லிச் சிரிப்பார். "பாஸ்போர்ட்டே இல்லாத ஆளு நான். என் தொடை மட்டும் பிளேன் ஏறிப் போயிருச்சு பாரு."

இளவயதில் அவர் தோட்டத்து அணிக்குப் பந்து விளையாடியவர். அப்போதே ரப்பர்ப் பால்மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்டிருந்தார்கள், திடல் மட்டும் பழையபடி இருந்தது. இருபது வயதைத் தாண்டியதும் ஓடும்போது கால் மடங்கி விழ ஆரம்பித்தார். பிறகு படி ஏற முடியவில்லை. இப்போது தரையில் உட்கார்ந்தால் எழுவதே பெரிய வேலை. குப்புறத் திரும்பி, கையை ஊன்றி, முட்டியைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் மேல் தானே ஏறுவதுபோல எழுந்து நிற்பார். யாராவது கை கொடுத்தால் கடித்துக் குதறிவிடுவார். "நான் என்ன கெழவனா?" என்பார். நானும் கை கொடுப்பதை விட்டுவிட்டேன். எனக்கும் சுள்ளென்று கோபம் வரும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

ஈப்போ மருத்துவமனையில் ஒரு மலாய்க்கார டாக்டரம்மாதான் அவரைத் தரையில் உட்காரவைத்து எழச் சொன்னார். மற்ற டாக்டர்கள்போல உடனே மருந்து எழுதவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்கள் அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று கேட்டார். அம்மா, அப்பாவுக்கு மாமன் மகள். "எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல சொந்தம் இல்லாத ஆளத்தான் தேடணும்" என்று மலாயில் சொன்னேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து செய்யும் தசை ஆராய்ச்சி ஒன்றில் தானும் இருப்பதாகவும், அண்ணனுக்குச் சம்மதமென்றால் தொடையில் கடலை அளவு தசை எடுக்கவேண்டும் என்றும் சொன்னார். அண்ணன் சம்மதித்தார்.

நான் ஈப்போவில் கார் உதிரிப்பாகக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். எதைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் இருக்கமாட்டேன். அண்ணனைக் கூட்டிப்போகும்போதெல்லாம் அந்த ஆராய்ச்சிக்காரர்களைக் கேள்வி கேட்டே ஒரு வழி பண்ணினேன். டாக்டரம்மா நோயாளியைப் பார்க்கிறார். கோலாலம்பூரில் ஒரு குழு அந்தத் துணுக்கிலிருந்து செல்களைத் தட்டில் வளர்க்கிறது. வெளிநாட்டில் ஒரு குழு அந்தத் துணுக்கின் மீதியில் மரபணுவைப் படிக்கிறது. இன்னொரு நாட்டில் ஒருவர் சின்னஞ்சிறு மீன்குஞ்சுகளில் தசை எப்படி உருவாகிறது என்று பார்க்கிறாராம். மீன்குஞ்சுக்கும் எங்கள் அண்ணனுக்கும் என்ன சம்பந்தம்?

கோலாலம்பூர்க் குழுவில் தெலுக் இந்தான் ஊர்த் தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். ஆராய்ச்சி மாணவி. அவள்தான் தன் கைப்பேசியில் அந்த மீனைக் காட்டினாள். கண்ணாடிபோல உடம்பு, உள்ளே தசை பச்சையாக ஒளிர்ந்தது.

"நமக்கும் மீனுக்கும் தசை கட்டுற வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதாண்ணே. இதுல உள்ள இருக்கிறது வெளியவே தெரியும். அதான்" என்றாள்.

"சரி, எங்க அண்ணனுக்கு எது கெட்டுப்போச்சு?"

"தசை தினம் கொஞ்சம் கிழியும்ணே. படி ஏறுனாகூட கிழியும். நல்ல தசை ஒடனே ஓட்டைய அடைச்சுக்கும். பெரிய அடின்னா, ஓரத்துல தூங்கிக்கிட்டு இருக்கிற செல்லு எழுந்து வந்து புதுசா கட்டும். உங்க அண்ணனுக்கு ஓட்டைய அடைக்கிற சாமான் சரியா இல்ல. கட்டக் கட்டக் கிழிஞ்சுக்கிட்டே இருக்கு."

"ஸ்பேர் பார்ட் இல்லங்கிற. ஆர்டர் பண்ண வேண்டியதுதானே லா?"

"அதுக்குத்தாண்ணே இத்தன நாட்டுல இத்தன பேரு ஒக்காந்திருக்கோம்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே நினைப்பு. என் காலுக்குள்ளும் யாரோ தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து என் முறை வந்தது. அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கலாம். சிலருக்குக் கால் தளர்வதற்குப் பல வருஷம் முன்பே ரத்தத்தில் தெரிந்துவிடுமாம். கிழிந்த தசையிலிருந்து கசிவது ரத்தத்தில்தான் வந்து சேரும். அதை அளக்க ஒரு சோதனை. ரத்தம் கொடுப்பதற்கு முன் கொஞ்ச நாள் எக்சசைஸ் எதுவும் செய்யக்கூடாது என்று அந்தப் பெண் போனில் சொன்னாள். "பொறந்ததிலேர்ந்தே செஞ்சதில்லம்மா" என்றேன்.

அந்த வாரம் தைப்பூசம். அண்ணன் காலுக்காக வேண்டிக்கொண்டு நான் காவடி எடுத்தேன். புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ முருகன் கோயில்வரை வெயிலில், வெறுங்காலில், உறுமிச் சத்தம் கேட்கும் இடத்திலெல்லாம் ஆடிக்கொண்டு போனேன். மறுநாளும் லீவு போட்டிருந்தேன். சும்மா இருப்பானேன் என்று தொப்பியை மாட்டிக்கொண்டு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

முடிவு வந்தது. இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. திரும்ப வரச் சொன்னார்கள்.

பயந்துபோனேன். மறைக்க என்ன இருக்கிறது? இந்த நோய்க்காரர்கள் சிலருக்கு முதலில் நுனிக்காலில் நிற்க முடியாமல் போகும் என்று கேட்டிருந்தேன். அதனால் கல்லாவுக்குப் பின்னால் அடிக்கடி நுனிக்காலில் நின்று பார்த்தேன். கடை முதலாளி தௌக்கே எட்டிப் பார்த்து, "லூ மெனாரி கா?" என்றார், நீ ஆடுகிறாயா என்று. ஆமாம் தௌக்கே, ஆட்டம்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அண்ணனிடம் சொன்னபோது "சரி" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஆனால் அடுத்த நாளிலிருந்து தினமும் அவரே கூப்பிட்டார். கால் எங்கே இழுக்கிறது, எந்த உயரத்து நாற்காலி வாங்கவேண்டும், குளியலறையில் கைப்பிடியை எந்தப் பக்கம் போடவேண்டும் என்றெல்லாம் பேசினார். சந்தையில் விழுந்துவிட்டு, கீரை பொறுக்குவதுபோல நடித்த கதையைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் தன் காலைப் பற்றி என்னிடம் அவர் இவ்வளவு பேசியதில்லை. பயத்தோடு பயமாக, அவர் எப்போது கூப்பிடுவார் என்று காத்திருக்க ஆரம்பித்தேன்.

மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா விசாரித்தார். ஜிம்? இல்லை. ஃபுட்சால் பந்தாட்டம்? இல்லை. பாரம் தூக்கினீர்களா? இல்லை, கல்லாவில் உட்கார்ந்திருப்பவன். எல்லாம் சத்தியமாகத்தான் சொன்னேன். பேச்சுக்கிடையில் தலை அரித்தது, தொப்பியைக் கழற்றினேன். தெலுக் இந்தான் பெண் என் தலையை உற்றுப் பார்த்தாள்.

"அண்ணே, எப்ப மொட்டை அடிச்சீங்க?"

"தைப்பூசத்துக்கு."

"காவடியா?"

"ஆமா."

"ஐயோ அண்ணே! எக்சசைஸ் பண்ணலன்னு சொன்னீங்க!"

"அது எக்சசைஸா? அது வேண்டுதல்மா!"

அவள் டாக்டரம்மாவுக்கு மலாயில் விளக்கினாள். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தன. அண்ணன் தசைக்காகக் காவடி எடுத்து, என் தசையைக் கிழித்து, அதை ரத்தமாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். இப்போது அந்தப் பெண் ரத்தம் எடுக்குமுன் எல்லோரையும் கேட்கிறாளாம்: காவடி எடுத்தீங்களா, தீ மிதிச்சீங்களா?

ஓய்வெடுத்துவிட்டு மறுபடி கொடுத்த ரத்தம் சரியாக இருந்தது. மரபணுவிலும், அண்ணனுக்கு அப்பா அம்மா இருவரிடமிருந்தும் கெட்டதே வந்தது, உனக்குக் கெட்டது ஒன்று இருந்தாலும் நல்லது ஒன்று இருக்கிறது, உனக்கு அது போதும் என்று சொல்லிவிட்டார்கள். என் காலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து, எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுத் திரும்பப் படுத்திருக்கவேண்டும்.

நேரில் சொல்ல ஆயர் தாவாருக்குப் போனேன். அண்ணன் கூடத்தில் தரையில் உட்கார்ந்து மேசைக் காற்றாடியைக் கழற்றிப் போட்டிருந்தார். சொன்னேன். கண்ணை மூடிக் கும்பிட்டார். கண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டார். பிறகு காற்றாடியின் இறக்கையைத் துணியால் வெகுநேரம் துடைத்தார்.

"நல்லதுடா. நெசமாத்தான் சொல்றேன்" என்றார். இறக்கையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளு கெடச்சிருச்சுன்னு நெனச்சேன்டா தம்பி. அப்படி நெனச்சிருக்கக் கூடாது."

என் குரல் உயர்ந்துவிட்டது.

"நோவு இருந்தாத்தான் என்கூட பேசுவியா?"

"ஒனக்குப் புரியாதுலா."

"புரியலன்னா கேப்பேன். ஊருல எல்லாரையும் கேக்குறேன், ஒன்னையத்தான் கேட்டதில்ல. சொல்லு. எழுந்திருக்கும்போது மொதல்ல எங்க பிடிக்கும்?"

அவர் துணியைக் கீழே போட்டார். பிறகு கையை நீட்டினார்.

"பிடி. காட்டுறேன்."

பிடித்தேன். அவர் எடை முழுவதும் முதல் தடவையாக என் கைக்கு வந்தது.