பதினாலு போனும் ஒரு ஜன்னலும்

கிரிப்டோ நாணயத்தைப் பற்றி நான் படிக்கப் போனதற்குக் காரணம் அறிவு தாகம் இல்லை, கோபம். என் வீட்டுக்காரரின் தோஸ்த் ஒருவர் சாயங்காலமானால் வந்து உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே, "காயின் வாங்கிப் போடு, ஆறே மாசத்துல எங்கியோ போய்டுவ" என்று அவரை உசுப்பேற்றிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே ஒரு வார்த்தை கேட்டால், "அதெல்லாம் டெக்னாலஜி அண்ணி, உங்களுக்குப் புரியாது" என்பார். நான் காலேஜ் போகாதவள்தான். அதற்காக என் வீட்டில், நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே என் வாயை அடைப்பதா? அன்றைக்கே போனில் தேடி ஓர் இலவச ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். தமிழில்தான் பாடம். பன்னிரண்டு வீடியோ, கடைசியில் பரீட்சை, பாஸானால் சான்றிதழ்.

மூன்றாவது வீடியோ முடிந்ததும் அந்தத் தோஸ்த்தைக் கேட்டேன்: "அண்ணா, அந்தக் காயினைத் திறக்கிற சாவி யார்கிட்ட இருக்கும்? நம்மகிட்டயா, வித்தவங்ககிட்டயா?"

"அதெல்லாம் கம்பெனி பாத்துக்கும்."

"அப்போ காயின் கம்பெனியோடது. டீ மட்டும்தான் எங்களுதா?"

அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருப் பக்கம் வருவது கம்மியாகிவிட்டது. அத்தோடு நான் போனை மூடி வைத்திருக்கலாம். ஆனால் ஒரு தடவை ஜெயித்த வாய் சும்மா இருக்குமா?

ஆலங்காயத்திலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு எங்களை ஏற்றிப் போகிற வேனில் பதினான்கு பெண்கள். ஒரு மணி நேரப் பயணம். எல்லா ஜன்னலும் துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிடும். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஒன்று மட்டும் முழுசாகத் திறக்கும். அந்த இடத்துக்குத்தான் தினமும் சண்டை. யார் முறை, நேற்று யார் உட்கார்ந்தது என்பதெல்லாம் பெரியக்காவின் தலைக்குள் இருந்தது. பெரியக்கா என்றால் எங்கள் வேனில் வயதில் மூத்தவர், ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற டெய்லர். அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்கு அந்த ஜன்னல் மாதத்துக்கு ஒருமுறை கிடைத்தால் அதிகம்.

பாடத்தில் சொன்னது இதுதான்: கணக்குப் புத்தகத்தை ஒரே ஆள் வைத்திருக்கக் கூடாது, எல்லாரிடமும் ஒரு நகல் இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் முந்தின பக்கத்தின் அடையாளம் ஒன்று இருக்க வேண்டும். நகல்கள் முரண்பட்டால், பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒன்றாகச் சொல்வதே செல்லும். கேட்டதும் எனக்கு அந்த ஜன்னல் காற்றே வந்துவிட்டது.

மறுநாளே வேனில் அமல்படுத்தினேன். தினமும் ஜன்னலில் யார் என்று பதினான்கு பேரும் அவரவர் போனில் எழுத வேண்டும். அடையாளமாக, நேற்று ஜன்னலில் உட்கார்ந்தவள் மதியம் என்ன டிபன் சாப்பிட்டாள் என்பதையும் எழுத வேண்டும். கேன்டீனில் ஒன்றாகத்தானே சாப்பிடுகிறோம், யாரும் புளுக முடியாது. முதல் பக்கத்தை எழுதியவள் நான் என்பதால் திங்கட்கிழமை ஜன்னலை எனக்கே எழுதிக்கொண்டேன். மீதி ஐந்து நாளை மற்றவர்கள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

"அது இன்னாத்துக்கு உனக்கு மட்டும் வாராவாரம்?" என்றார் பெரியக்கா.

"ஆரம்பிச்சு வைக்கிறவங்களுக்கு அப்படித்தான்கா. உலகம் பூரா அதான் பழக்கம்."

இப்படிச் செய்பவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்றும் பாடத்தில் சொல்லியிருந்தார்கள். அதை மட்டும் நான் சொல்லவில்லை.

இரண்டு மாதம் அருமையாக ஓடியது. சண்டை நின்றுவிட்டது. திங்கட்கிழமைகளில் நான் ஏலகிரி மலையைப் பார்த்துக்கொண்டு, காதில் இயர்போனோடு, மகாராணி மாதிரி போனேன். மற்ற நாட்களிலும் இயர்போனைக் கழற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஏதோ சொல்ல வந்தாலும், பாடம் ஓடுகிறது என்று கையைக் காட்டினேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை ஐம்பத்தொரு சதவீதத் தாக்குதல் என்ற பாடத்தைக் கேட்டுக்கொண்டு வந்தேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் கூட்டுச் சேர்ந்தால் அண்மைப் பக்கங்களை மாற்றி எழுதிவிட முடியுமாம். ஐயோ பாவம், யாருக்கு அந்தக் கதி வந்ததோ என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை வேனில் ஏறினால், என் ஜன்னலில் புதுப்பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஷூவை ஒட்டுகிற சொல்யூஷன் தடவுகிற டேபிளில் சேர்ந்து ஐந்து மாதமானவள்.

"இன்னைக்கு திங்கள், எழுந்திரு" என்றேன்.

அவள் பெரியக்காவைப் பார்த்தாள். பெரியக்கா நிதானமாகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனைத் திறந்தார். "என்னுதுல அவ பேரு இருக்கே."

பின் சீட்டில் ஒருத்தி, "என்னுதுலயும் அவதான்" என்றாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். பதிமூன்று போனிலும் அவள் பெயர். இன்றைக்கு மட்டுமில்லை, வருகிற மாதம் முழுக்க முன்கூட்டியே அவள் பெயர். என் போனில் மட்டும் நான்.

"இது கூட்டுச் சதி!" என்று கத்தினேன்.

"நீதானடி சொன்ன, பாதிக்கு மேல ஒண்ணா சொன்னா அதான் நெசம்னு."

"எப்பக்கா பேசி வச்சீங்க?"

"சனிக்கிழமை. இதே வேன்லதான். நீ பக்கத்துலதான் இருந்த."

நான் போய்ப் பின் சக்கரத்து மேலிருக்கும் சீட்டில் தொப்பென்று உட்கார்ந்தேன். பெரியக்கா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"முழுவாம இருக்காடி. மூணு மாசம். சொல்யூஷன் வாசனையும் சேர்ந்து பேஜாராய்டுது அவளுக்கு. வேலை இன்னும் பர்மனென்ட் ஆவல, தெரிஞ்சா நிறுத்திடுவாங்களோனு பயப்படறா. ஏற்கெனவே ரெண்டு தபா வேனை நிறுத்தி வாந்தி எடுத்துட்டா. இன்னொரு தபா நிறுத்தினா ஆபீஸ்ல சொல்லிடுவேன்னாரு டிரைவர். காத்து வந்தா தாங்கிக்கிறா."

வேன் இரண்டு முறை நின்றது எனக்கும் நினைவிருந்தது. டயரைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பாடத்தின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

போனைத் திறந்து பின்னோக்கித் தள்ளினேன். அவள் மூன்று முறை ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். மூன்று டிபனையும் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். முதல் முறை: தக்காளி சோறு, தொடல. இரண்டாவது முறை: தயிர் சோறு, ரெண்டு வாய். மூன்றாவது முறை: ஊறுகாய் மட்டும். கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. அப்பரில் ஒரே ஒரு தையல் தாண்டியிருந்தால் கண்டுபிடித்துவிடுவேன். இதைக் கண்டுபிடிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. என் பெயரை அழித்து அவள் பெயரை எழுதினேன். பதினாலுக்குப் பதினாலு.

அந்த வாரமே பரீட்சை. சக்கரத்து மேல் குலுங்கிக்கொண்டே எழுதினேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் கூட்டுச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி. கொடுத்திருந்த நான்கு பதிலிலும் ஜன்னல் இல்லை. நம்பகத்தன்மை கெடும் என்பதை மனசில்லாமல் தொட்டேன். மார்க் வந்தது.

சான்றிதழை முதலில் வேனில்தான் காட்டினேன். பெரியக்கா போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கையெழுத்து ஒண்ணுதான் இருக்குது?"

"ஆமாக்கா. பாடம் நடத்துனவர்."

"ஒருத்தர் சொன்னா எப்படி நம்புறது? இவ பாஸுன்றவங்க கையைத் தூக்குங்கடி."

சிரிப்பும் கூச்சலுமாகக் கைகள் உயர்ந்தன. டிரைவர் அண்ணனும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுக்க, எல்லாரும் அலறினோம். அவர் கணக்கில் சேர மாட்டார். பன்னிரண்டு கை. ஜன்னலோரம் இருந்தவள் மட்டும் தூக்கவில்லை; காற்று முகத்தில் அடிக்க வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளையும் சேர்த்துப் பதிமூன்று என்று நானே எண்ணிக்கொண்டேன். பிறகு இயர்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அன்றைய பக்கத்தை எழுதினேன்.

இன்று ஜன்னல்: அவள். நேற்றைய டிபன்: தயிர் சோறு, டப்பா காலி.