இன்ஸ்பெக்டரிடம் இருந்த பிள்ளை

என் அக்கா வேம்புவின் புருஷன் ரெத்தினம் அத்தானுக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்டதைத்தான் ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாது. "நாளைக்கு ஜமாபந்தி" என்று கிராமக் கணக்கைத் தணிக்கை செய்கிற நாளைத் தலையாரி சொல்லிவிட்டுப் போனால், "நாளைக்குப் பந்தியாம்" என்று வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு போய் உட்காருகிற ஆள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் அப்பா, "பொண்ணு வேம்பு" என்று பெயரைச் சொன்னார். அத்தான் பெரிய மனசோடு, "வீம்பு இருக்கட்டுங்க, போகப்போகச் சரியாயிடும்" என்றார். அக்கா அதை இன்று வரைக்கும் மன்னிக்கவில்லை.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். அத்தான் கும்பகோணத்து மிராசுதார் ஒருவருடைய நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தார். கழக ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. குத்தகைக்காரனை நிலத்தை விட்டு இறக்கக் கூடாது என்று சட்டம் சொன்னது. அது மிராசுதார் காதில் எப்படி விழுந்ததோ, அந்த வருஷம் குறுவை முற்றி நிற்கிற நேரத்தில் அவருடைய காரியக்காரர் இளையபெருமாள் வெளியூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அறுக்க வந்துவிட்டார்.

குத்தகைக்காரர்கள் எல்லோரும் வயலில் இறங்கினார்கள். வரப்பில் தள்ளுமுள்ளு, வாழ்க, ஒழிக. அடிதடி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காரியக்காரரின் குடைதான் வாய்க்காலில் விழுந்து தண்ணீரோடு போனது. கோஷம் போட்டுக்கொண்டிருந்த அத்தான், "அய்யா குடை போவுது, அய்யா குடை போவுது" என்று பாய்ந்து குதித்தார். குடை போய்விட்டது. வளைந்த பிடி மட்டும் அவர் கையோடு வந்தது. அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையேறியபோது போலீஸ் வந்து நின்றது. மற்றவர்களுக்கெல்லாம் அத்துமீறி நுழைந்த கேஸ். அத்தானுக்கு மட்டும் அதோடு குடையைச் சேதப்படுத்திய கேஸும் சேர்ந்தது.

மற்றவர்கள் கோர்ட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து சாப்பிட்டுத் தூங்கினார்கள். அத்தான் போகவில்லை. யாரோ அவரிடம் "ஜாமீன் எடுக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். "நம்மகிட்ட ஏது ஜமீன்?" என்று இவர் ஒரே முடிவாக ஓடிப்போய், ஜெய்னுலாபுதீன் ராவுத்தரின் அரிசி மில்லில் உமி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். தன்னைத் தூக்கில் போடுவார்கள் என்றே நம்பினார். ஒரு குடைக்காக!

இந்த லட்சணத்தில்தான் அக்காவுக்கு வலி எடுத்தது. எட்டாம் மாதம்கூடப் பிறக்கவில்லை. வாடகைக் கார் பிடித்துத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் குழந்தை. ஒரு படி அரிசியின் கனம்கூட இல்லை. நர்ஸ் ஹமீதா பானு அதைப் பஞ்சில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். பிள்ளை அழவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

"இன்குபேட்டர்ல வச்சிருக்கோம். சூடு கொறையாம அது பாத்துக்கும். ஆனா தாய்ப்பால் வேணும். சொட்டுச் சொட்டாக் குடுத்தாலும் அதுதான் மருந்து" என்றார் நர்ஸம்மா.

அந்தச் சொட்டுத்தான் வரவில்லை. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சோறு இறங்கவில்லை. "அவர புடிச்சிட்டாங்களாடி? அடிச்சிருப்பாங்களாடி?" இதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். வெந்தயக் கஞ்சி, பூண்டு, பால் சுறாக் குழம்பு எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். மார்பு கட்டிக்கொண்டு வலித்ததே தவிரப் பால் இறங்கவில்லை. நர்ஸம்மா என்னைத் தனியாக அழைத்தார்.

"ஒடம்புல ஒண்ணும் இல்லம்மா. பயத்துல இறுகிக் கெடக்கு. புள்ள ரொம்ப நாள் தாங்காது. அந்த மனுஷன் எங்க இருந்தாலும் வரச் சொல்லு."

நான் என் வீட்டுக்காரர் உலகநாதனை ராவுத்தர் மில்லுக்கு அனுப்பினேன். சொல்ல வேண்டியதை மூன்று தடவை சொல்ல வைத்துத்தான் அனுப்பினேன். ஆனால் அவர் வாயில் இன்குபேட்டர் 'இங்குபெட்டர்' என்றுதான் வந்தது. கேட்கப்போவதோ அத்தான், கேட்கப்போகும் இடமோ ஓடுகிற மில். என் தலையெழுத்தை யாரிடம் சொல்ல?

அங்கே நடந்ததை என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார்.

"சகல, புள்ள பொறந்துடுச்சு! பொட்டப்புள்ள! இங்குபெட்டர்ல இருக்கு!"

"இன்ஸ்பெக்டர்ட்டயா? என் புள்ளயா?"

"ஆமா, தஞ்சாவூர்ல!"

"பச்சப்புள்ளய எதுக்குய்யா அங்க வச்சாங்க?"

"மாசம் பத்தலையாம்!"

"எப்ப விடுவாங்களாம்?"

"எடை ஏறுனாத்தான் வெளிய விடுவாங்களாம்!"

"துணிமணியாச்சும் போட்டிருக்காங்களா?"

"ஒட்டுத்துணி இல்ல. கண்ணாடிப் பொட்டிக்குள்ள போட்டு, மேல லைட்டு போட்டு வச்சிருக்காங்க. வேம்பு தொடக்கூட முடியல. நீ வந்தாத்தான் ஆவுமாம்!"

அத்தான் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு குடைக்குப் பயந்து எலியோடு எலியாகக் கிடந்த மனுஷன், தலை முதல் கால் வரை தவிட்டுத் தூசியோடு நடுத்தெருவில் ஓடினார். என் வீட்டுக்காரர் தேடிப் பிடித்து வந்து சேருவதற்குள் பஸ் போய்விட்டது. ஆனால் அந்த ஓட்டத்திலும் கடைத்தெருவில் நின்று, வளைந்த பிடி வைத்த புதுக் குடை ஒன்று வாங்கியிருக்கிறார். அவருக்கும் மூளை என்று ஒன்று இருந்தது. அது வேலை செய்கிற விதம்தான் வேறு.

தஞ்சாவூரில் இறங்கிக் கண்ணில் பட்ட போலீஸ் ஸ்டேஷனில் நுழைந்தார். இன்ஸ்பெக்டர் லியாகத் அலி டீ குடித்துக்கொண்டிருந்தார். அத்தான் குடையை மேஜை மேல் வைத்துவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"அய்யா, குடைய வச்சிக்குங்க. என்னயும் வச்சிக்குங்க. தூக்குல போட்டாலும் சரி. என் புள்ளய விட்டுடுங்க!"

"யாருய்யா நீ? எந்தப் புள்ள?"

"அய்யாகிட்டதான் இருக்காம். கண்ணாடிப் பொட்டியில."

சொல்லிக்கொண்டே எழுந்து, அங்கிருந்த கண்ணாடி பீரோவில் முகத்தை ஒட்டிப் பார்த்தார். உள்ளே பழைய கேஸ் கட்டுகள் இருந்தன. "மூச்சு முட்டுமேய்யா, தொறங்கய்யா" என்று கதறியிருக்கிறார். ஏட்டு தடியை எடுத்தார். இன்ஸ்பெக்டர் கையமர்த்தினார்.

"இருய்யா. ஒம் பொண்டாட்டி இப்ப எங்க இருக்கா?"

"ஆஸ்பத்திரியிலங்க."

"கொறமாசமா?"

"அதுக்குத்தான் புடிச்சிட்டீங்கன்னு சொன்னாங்க. மாசம் பத்தாம பொறந்தது அது குத்தமாய்யா? கேஸ் போடறதா இருந்தா எம்மேல போடுங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு நின்றதும் திருக்காட்டுப்பள்ளிக்கு ஃபோன் போட்டு விசாரித்தார். அத்தானை யாரும் தேடவே இல்லை. கோர்ட்டில் வந்து நின்றால் போதும் என்றார்கள். "நாளைக்குக் கோர்ட்டு. இப்ப ஜீப்புல ஏறு" என்றார் இன்ஸ்பெக்டர். அத்தான் குடையை அவரிடமே நீட்டினார். "அத எங்கிட்ட ஏன்யா குடுக்கற? யாரு குடையோ அவருகிட்ட குடு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்றிருந்தபோது ஜீப் வந்தது. முன்னால் இன்ஸ்பெக்டர், பின்னால் மாவு பூசிய பிசாசு மாதிரி அத்தான். அக்கா கதவு வழியாகப் பார்த்துவிட்டு, "அய்யோ, புடிச்சிட்டாங்களே!" என்று அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

அத்தான் கட்டில் பக்கத்தில் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். "பயப்படாத வேம்பு. நானே போயி இன்ஸ்பெக்டர்ட்ட பேசிட்டேன். புள்ளய விட்டுடறேன்னுட்டாரு."

"எந்தப் புள்ளய?"

"நம்ம புள்ளயத்தான். அய்யாதான் பொட்டியில போட்டு வச்சிருந்தாராம்."

அக்கா அவரைப் பார்த்தாள், இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள், அத்தானின் புருவத்தில் ஒட்டியிருந்த தவிட்டைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்பு வந்தது பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, தையல் வலிக்குதே" என்று திட்டிக்கொண்டே சிரித்தாள். "இந்த மனுஷனுக்குப் போயி வாக்கப்பட்டேனே" என்று சொல்லி மறுபடியும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க அவளுடைய ரவிக்கை நனைந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். "சிஸ்டர்!" என்று கத்தினேன். ஹமீதா பானு பால் புகட்டுகிற பாலாடையோடு ஓடி வந்தார். ஆண்கள் இரண்டு பேரும் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்கள்.

அந்தப் பாலாடையில் அடி மட்டம்தான் சேர்ந்தது. பிள்ளைக்கு அதுவே விருந்து. கண்ணாடிப் பெட்டி இருந்த அறைக்குள் இன்ஸ்பெக்டரும் வரப் பார்த்தார். "பூட்ஸக் கழட்டுங்க சார்" என்றார் நர்ஸம்மா. லியாகத் அலி வெறுங்காலோடு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அத்தான் கண்ணாடிக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இம்மாத்தூண்டா?" என்றார். அப்புறம் தேம்பித் தேம்பி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை, எனக்கும் தாங்கவில்லை.

மறுநாள் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது. தினமும் தஞ்சாவூர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அது அத்தானுக்கு வசதியாகப் போயிற்று. கையெழுத்துப் போடப் போனால் இன்ஸ்பெக்டர் முதலில், "இன்னிக்கு எடை என்னய்யா?" என்பார். ஏறியிருந்தால் ஸ்டேஷனே டீ குடிக்கும். இறங்கியிருந்தால் ஏட்டுகூட யாரையும் அதட்ட மாட்டாராம். பிள்ளைக்குத் தையல்நாயகி என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. இன்று அவள் கல்யாணமாகி ஒரத்தநாட்டில் இருக்கிறாள். ஊருக்கு வந்தால், "இன்ஸ்பெக்டர் வந்துட்டாங்க" என்றுதான் தெருவே சொல்லும்.

குடை சமாச்சாரம் பாக்கி இருக்கிறது. ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. அத்தான் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நனைந்து சொட்டச் சொட்ட நடந்தார். குடை கக்கத்தில் மடக்கியபடியே இருந்தது.

"விரிச்சிப் புடிச்சா என்ன அத்தான்?"

"அடுத்தவங்க சொத்து கமலம். விரிச்சா அதுக்கு வேற கேஸ் வரும்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. தலை துவட்டக்கூட ஆஸ்பத்திரித் துண்டைத் தொடமாட்டார், அது சர்க்கார் சொத்தாம்.

ஒருநாள் மத்தியானம் புயல் மழையில் ஊர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. பெட்டியின் விளக்கு அணைந்தது. அத்தான் பெட்டியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். நர்ஸம்மா ஒரு நொடி யோசிக்கவில்லை. பிள்ளையை எடுத்து அக்காவின் வெறும் மார்பில் படுக்க வைத்து, சேலையையும் போர்வையையும் சுற்றினார். "பெட்டி செய்யற வேலைய இப்ப நீ செய்யி. அசையாத. காத்து மட்டும் படக் கூடாது" என்றார். சாத்தின கதவையும் தள்ளிக்கொண்டு சாரல் காற்று உள்ளே வந்தது. பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் கதவில் முதுகைக் கொடுத்து நின்றேன், போதவில்லை.

பட்டென்று ஒரு சத்தம் கேட்டது. அத்தான் குடையை விரித்திருந்தார். கட்டிலுக்கும் காற்றுக்கும் நடுவே அதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கரண்ட் வரும்வரை ஒரு பக்கமும் சாயவில்லை, கை மாற்றவில்லை. நர்ஸம்மா அடிக்கடி வந்து பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிப் பார்த்தார். விளக்கு வந்தபோது உதடு சிவந்திருந்தது. அத்தானின் விரல்களைப் பிடியிலிருந்து நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். "விரிச்சிட்டேனே கமலம்" என்றார். அன்றைக்கு நான் அவரைக் கேலி செய்யவில்லை.

கார்த்திகையில் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்த ஒரு நாள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். திருக்காட்டுப்பள்ளியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே காரியக்காரர் இளையபெருமாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். நிலத் தகராறு அப்போதும் தீர்ந்தபாடில்லை. அக்கா பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். அத்தான் நேராக அவரிடம் போய் இரண்டு கையாலும் குடையை நீட்டினார்.

"அய்யா, உங்க குடைங்க. புதுசுதான். ஆனா ஒரு தடவ விரிச்சிட்டேன். எம் புள்ளைக்காக. அதுக்குன்னு தனியா கேஸ் போட்டுறாதீங்க."

காரியக்காரர் குடையைப் பார்த்தார். கதை அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும், மீசை துடித்தது. எட்டி அக்காவின் கையிலிருந்த துணிப்பொதியைப் பார்த்தார். வெயிலில் பிள்ளை கண்ணைச் சுருக்கி முகத்தைக் கோணியது.

"புள்ள மூஞ்சில வெயில் படுது பாரு" என்று அதட்டினார். "ஒங் குடைய விரிய்யா."

அத்தான் மெதுவாக என் பக்கம் திரும்பினார். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, காதில் விழுந்ததைச் சரிதானா என்று கேட்டுக்கொண்டார்.

"கமலம், அவரு என்ன சொன்னாரு?"

"ஒங் குடைன்னு சொன்னாரு அத்தான்."

அத்தான் குடையை விரித்தார்.