எண் இல்லாத குழந்தைக்கு ஒரு வரி

ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது பத்மாவின் அண்ணன் போனில் பேசினார். "காத்தால போயிட்டாம்மா." சிறுநீரகம் பழுதாகி ஒரு வருடமாகப் படுத்திருந்தவள்தான். ஆனாலும் ஆட்டோ வந்தபோது எனக்கு ஏறத் தோன்றவில்லை.

சின்னக் காஞ்சிபுரத்தில் அந்த மாடியறையில் எங்களோடு கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்தவர்களுக்குத் திருப்பருத்திக்குன்றத்துப் பத்மாவை நினைவிருக்கும். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அடிமைகளை ஏற்றிச் சென்ற ஒரு கப்பலின் பதிவுகளை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று படமெடுத்து அனுப்பியிருந்தது. அந்த மனிதர்களுக்குப் பெயர் இல்லை; எண், வயது, இறந்திருந்தால் தேதி. பகல் முழுவதும் அதைப் பார்த்துத் தட்டுவோம். மதியம் டப்பாவைத் திறந்து பாதியில் மூடிவிடுவோம்.

ஒரு பக்கத்தில், இறந்த பெண்ணொருத்தியின் எண்ணுக்குக் கீழே, "அவளுடைய கைக்குழந்தையும்" என்று மட்டும் இருந்தது. குழந்தைக்கு எண் இல்லை.

"நம்பர் இல்லாம சிஸ்டம் எடுக்காதும்மா. விட்டுட்டு அடுத்த பக்கம் போ" என்றார் மேற்பார்வையாளர்.

"நம்பர் இல்லன்னா அது செத்தது இல்லன்னு ஆயிடுமா சார்?" என்றாள் பத்மா.

குறிப்புக் கட்டத்தில் குழந்தையைச் சேர்த்து அனுப்பினாள். பிழையென்று திரும்பி வந்தது. மறுபடியும் சேர்த்தாள். அவளை வேலையை விட்டு நிறுத்தப்போவதாகப் பேச்சு எழுந்தது. அப்போதுதான் பல்கலைக்கழகத்திலிருந்தே அந்தக் குறிப்பைப் பற்றிக் கேட்டுத் தொலைபேசி வந்தது. பத்மா எழுந்துபோய் வாங்கினாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "பேபி ஆல்ஸோ டைடு, சார்" என்றாள். மறுவாரம் படிவத்தில் எண் இல்லாதவர்களுக்கென்று தனி வரி சேர்த்து அனுப்பினார்கள். இன்னும் பல குழந்தைகள் அதில் ஏறின. அன்று அவள் சந்தோஷப்படவில்லை. "இத்தினி பேராப்பா?" என்று கேட்டுவிட்டு முகம் கழுவப் போனாள்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "அந்தக் கப்பல் இன்னும் கம்ப்யூட்டர்ல இருக்குதாபா?" என்றாள். பிரவுசிங் சென்டரில் தேடிப் பார்த்து, இருக்கிறது என்று வந்து சொன்னேன். "கொழந்த?" "அதுவும் இருக்குதுபா." கண்ணை மூடிக்கொண்டாள்.

இப்போது ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் பெயரைப் பதிகிறேன். பிறந்து சில நாளே ஆன குழந்தையோடு வருகிறவர்கள், "இன்னும் பேர் வெக்கலம்மா" என்பார்கள். பரவாயில்லை என்று தாயின் பெயருக்குக் கீழே தனி வரியில் "ஆண் குழந்தை" அல்லது "பெண் குழந்தை" என்று எழுதுகிறேன். பத்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.