திரும்பி வந்த மாத்திரைகள்

மாத்தளையில் மனநல மருத்துவராகச் சேர்ந்த புதிது. மழை பெய்தால் உறக்கமே வருவதில்லை என்றாள், தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த செல்லம்மா. 'வீண் பயம்' என்று எழுதி, தூக்க மாத்திரை கொடுத்தேன்.

அடுத்த மாதம் அத்தனையையும் அப்படியே மேசையில் வைத்தாள்.

"ஏன் போடலை?" என்று அதட்டினேன்.

"மழை முன்ன மாதிரி இல்லீங்க டாக்டரம்மா. நாங்க வரிசையா குடியிருக்கிற லயத்துக்கு மேல மலையில மண்ணு வெடிச்சிருக்கு. கையே உள்ள போகுது. நானும் தூங்கிட்டா மத்தவங்கள யாரு எழுப்புறது?"

விழித்திருந்த ஒரே ஆளையும் தூங்கவைக்கப் பார்த்திருக்கிறேன்.

அன்றே தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அந்த மழைக்காலம் முழுக்க, கிளினிக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, குரல் கேட்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு முறையும் வந்தாள்.

இன்றும் மழை வலுத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். மாத்திரை போடுவதில்லை.