செத்த பெட்டி

1. பென்சில் வரி

எழுபதுகளின் தொடக்கத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு அருகே இருந்த தொழில் பதிவு அலுவலகத்தில் நான் கிளாக்கர். வேலையில்லாத இளைஞர்களின் பெயரை அட்டையில் பதிவதும், ஆள் கேட்கும் இடங்களுக்குப் பதிவு மூப்பின்படி அவர்களை அனுப்புவதும் என் வேலை. பதிந்தவர் மாதம் ஒருமுறை நேரில் வந்து அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதம் வராவிட்டால் அட்டை வேறொரு பெட்டிக்குப் போய்விடும். அதைச் செத்த பெட்டி என்போம். மாற்றும்போது காரணம் எழுத வேண்டும். நான் எல்லா அட்டையிலும் பென்சிலால் ஒரே வரியை எழுதுவேன்: ‘வேலை கிடைத்திருக்கலாம்.’ வராதவனுக்கு வேறென்ன நடந்திருக்கும்? அப்படித்தான் நினைத்தேன். என் மேசை எப்போதும் துப்புரவாக இருக்கும் என்ற பெருமை வேறு.

ஒரு மாசி மாதம், துறைமுகக் களஞ்சியம் ஒன்று தட்டெழுத ஒரு ரைப்பிஸ்ட் கேட்டது. எல்லா இடங்களிலும் போல, வயது இருபத்தெட்டுக்கு மேல் போகக்கூடாது. பட்டினத்துப் பிள்ளைகள் மூவரை அனுப்பினேன். ஒருத்தியை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் குடாக்கடலுக்கு அந்தப் பக்கம் உள்ள சம்பூரிலிருந்து தவமணி என்றொரு பெண் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

“ஐயா, எனக்கு ரைப்பிங் தெரியும். நான் பதிஞ்சு நாலு வருஷம். வேலைக்கு எடுபட்ட பிள்ளை போன வருஷம்தான் பதிஞ்சது. என்னை ஏன் கூப்பிடேல்ல?”

தேடினேன். செத்த பெட்டியில் இருந்தது அவளுடைய அட்டை.

“மார்கழியும் தையும் நீங்கள் வரேல்லையே, தங்கச்சி.”

“வாடைக் கடல் ஐயா. லோஞ்ச் ஓடேல்ல. தரைவழியாக் கிண்ணியாவால சுத்தி வர வெளிக்கிட்டனான், இந்த முறை வெள்ளத்தில பாதையும் நிண்டிட்டுது. எப்பிடி வாறது?”

பாதை என்பது ஆற்றுத்துறைகளில் பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றி இறக்கும் மிதவை. மூதூருக்கும் பட்டினத்துக்கும் இடையே ஓடும் மோட்டார்ப் படகான லோஞ்ச் நின்றதும் எனக்குத் தெரியாத விஷயமல்ல. என் கதிரையில் இருந்தபடியே கடல் தெரியும். இரண்டு மாதமும் அந்த அலையைப் பார்த்துக்கொண்டுதான் அவளுடைய அட்டையை மாற்றியிருக்கிறேன்.

“சட்டம் அப்பிடி. புதுசாப் பதிஞ்சால் கடைசியில இருந்துதான் துவங்க வேணும்.”

“அப்ப அந்த நாலு வருஷம்?”

நான் புதிய அட்டை ஒன்றை எடுத்தேன். அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. புதிய அட்டைக்கு விபரம் சொல்லிவிட்டுப் பின்னேர லோஞ்சுக்குப் போனாள். அவள் பிறந்த மாதத்தை எழுதும்போது கணக்குப் பார்த்தேன். வயதெல்லைக்கு இன்னும் எட்டு மாதம்தான் இருந்தது.

2. வட்டம்

அன்று செத்த பெட்டியைக் கவிழ்த்து ஊர் ஊராகப் பிரித்தேன். பட்டினத்து அட்டைகள் ஒரு பிடிதான். மற்றதெல்லாம் மூதூர், சம்பூர், இலங்கைத்துறை. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே குவியலில் கிடந்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் என்பது மட்டுமே அவர்களுக்குப் பொது.

நான் செய்தது ஒரு பிழை என்றுதான் அதுவரை நினைத்தேன். பழைய மாத அறிக்கைகளை எடுத்துப் பார்த்தபோதுதான் அது ஒரு பிழையோடு நிற்கவில்லை என்று தெரிந்தது. செத்த பெட்டிக்குப் போன அட்டைகள் கணக்கில் சேராததால், ஒவ்வொரு மாரி மழைக்காலத்திலும் அந்தப் பக்கத்தில் வேலையில்லாதோர் தொகை ‘குறைந்திருந்தது’. தொகை குறைந்ததால் பயிற்சி வகுப்புகளைப் பட்டினத்துக்கே கொடுத்தார்கள். பயிற்சி இல்லாததால் கேட்ட இடங்களுக்கு அந்தப் பிள்ளைகள் பொருந்தவில்லை. பொருந்தாத வேலைக்காக ஏன் கடல் கடக்க வேண்டும் என்று மேலும் பலர் வராமல் விட்டார்கள். தொகை இன்னும் குறைந்தது. ஒன்று இன்னொன்றைத் தள்ள, அது சுற்றி வந்து முதலாவதையே தள்ளியது. ஒரு வெற்று அட்டையின் பின்புறத்தில் அம்புக்குறி போட்டு வரைந்து பெரியவரிடம் கொண்டுபோனேன். பெரியவர் எங்கள் அலுவலகத்தின் பொறுப்பதிகாரி. அலுவலகத்தை அவர் கந்தோர் என்றுதான் சொல்வார்.

“இதென்ன காணும், கந்தோரில கோலம் போடுறீர்?”

“ஐயா, பொடியளுக்கு அக்கறையில்லை எண்டு நாங்கள் கதைக்கிறம். முதலாளிமார் தொழில் தெரிஞ்ச ஆளில்லை எண்டு கதைக்கினம். ஒவ்வொருத்தரையும் தனித்தனியாப் பாத்தால் எல்லாரும் சொல்லுறது சரி மாதிரித்தான் இருக்கு. சேத்துப் பாருங்கோ. சுத்தி வந்து எங்கட பெட்டியிலதான் நிக்குது.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அம்புக்குறிகளின் மேல் விரலை வைத்து ஒருமுறை சுற்றி வந்தார்.

“வேலை கிடைத்திருக்கலாம் எண்டு எழுதினது ஆர்?”

“நான்தான் ஐயா.”

“கையெழுத்து வைச்சது நான்” என்றார்.

அவர் என்னை ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். அன்றே கொழும்புக்குக் கடிதம் எழுதினோம். மாரி மாதங்களில் அட்டைகளை மாற்றக்கூடாது, மற்ற மாதங்களில் நாங்களே பெட்டியோடு மூதூருக்குப் போக வேண்டும், செத்த பெட்டிக்குப் போனவர்களின் பழைய பதிவுத் திகதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மூன்றுக்கும் அனுமதி வந்தது. வந்து சேர ஒன்பது மாதம் எடுத்தது.

3. மூதூர் மேசை

மாரி முடிந்து லோஞ்ச் ஓடத் தொடங்கியதும் மூதூர் இறங்குதுறைக்கு அருகே மேசை போட்டேன். அந்த முறை அந்தப் பக்கத்துத் தொகை ஒரேயடியாக ஏறியிருந்தது. வேலையின்மை ஏன் கூடியது என்று விளக்கம் கேட்டுக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. கூடவில்லை, இப்போதுதான் எண்ணுகிறோம் என்று பெரியவர் பதில் எழுதினார். அந்தத் தொகையைக் காட்டித்தான் மூதூரில் ரைப்பிங் வகுப்பு ஒன்றையும் வாங்கினோம். எல்லாருக்கும் வேலை கிடைத்தது என்று நான் கதை விடமாட்டேன். வட்டம் மற்றப் பக்கமாக மெல்ல அசைந்தது, அவ்வளவுதான்.

தவமணியும் வந்தாள். அவளுடைய பழைய அட்டையை எடுத்து வைத்திருந்தேன்.

“தங்கச்சி, உங்கட பழைய திகதி திரும்பக் கிடைச்சிட்டுது.”

“எனக்கு வயசு கடந்திட்டுது ஐயா. என்ர தங்கச்சியைப் பதியத்தான் வந்தனான்.”

அவளுக்குப் பின்னால் அதே முகச்சாயலில் ஒரு பெண் நின்றாள். நான் தலை குனிந்து புதிய அட்டையை எழுதினேன். அந்த நேரத்தில் தவமணி தன் அட்டையைக் கையில் எடுத்துப் பென்சில் வரியை வாசித்தாள்.

“ஆர் இதை எழுதினது?”

“நான்.”

“அழியுங்கோ. எனக்குக் கிடைக்கேல்ல.”

அழித்தேன். அவள் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

அதற்குப் பிறகு பல வருடம் அந்தக் கதிரையில் இருந்தேன். இன்று அலுவலகங்களில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் மேசைக்கு வராத ஒருவரைப் பற்றி எதையும் எழுதுவதற்கு முன், அவர் வரும் வழியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். நான் மார்கழியில் லோஞ்ச் நின்ற எங்கள் பக்கத்து இறங்குதுறைக்கு ஒரேயொரு நாள் போயிருந்தால் தவமணியின் அட்டையை மாற்றியிருக்க மாட்டேன், அவள் களஞ்சியத்தில் ரைப்பிஸ்டாக இருந்திருப்பாள்.