மெத்தையோடு போன விசாரணை

விமானப்படைக் கொட்டகையில் இருக்கை உறை தைக்கும் அந்தப் பெண்ணை எல்லோரும் ஊசி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கையிலிருந்த ஊசியைவிட வாயிலிருந்தது கூர்மை. சிரிப்பு வந்துவிட்டால் அடக்கத் தெரியாது. அவள் கணவன் சரக்கு விமானத்தில் சுமை ஏற்றி இறக்குகிறவன்.

அந்த விமானத்தின் உட்சுவரில் இரண்டு கறுப்பு சுவிட்சுகள். ஒன்று விளக்குக்கு, மற்றது சுமையைப் பிடித்திருக்கும் கொக்கியை விடுவிக்க. இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி, நடுவே ஒரு விரல் இடைவெளி. ஐந்து வருடங்களுக்கு முன் பின்கதவைத் திறந்து வைத்துப் பறக்கையில் ஒருவர் விளக்கென்று நினைத்துத் தக்காளிக் கூடைகளை ஆகாயத்தில் விட்டார். அண்மையில் இன்னொருவர் தண்ணீர் டிரம்களை விட்டார். இருவருக்கும் ‘கவனக்குறைவு’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். சுவிட்சை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊசி அக்கா சும்மா இருப்பாளா? மிச்சத் தோலில் சிவப்பாக ஓர் உறை தைத்துக் கொக்கி சுவிட்சுக்கு மாட்டிவிட்டாள். மேற்பார்வையாளர் அதைப் பிய்த்தெறிந்து, அனுமதியின்றி விமானத்தை மாற்றியதாக அவளுக்கு மெமோ கொடுத்தார். அடுத்த மாதமே அவள் கணவன் நாற்பது மெத்தைகளை ஏரியில் போட்டான்.

“நான் லைட்டைத்தான் போட்டேன்னு நெனச்சேன்டி” என்று புலம்பியபடி அவன் மூன்று நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. அவனுக்கு வேறு வேலை தெரியாது. அவளுக்கோ சிரிப்பே மறந்து போயிற்று.

விசாரணைக் குழு கொட்டகைக்குள் நின்ற விமானத்துக்குள்ளேயே கூடியது. நடந்தது போலவே மெத்தைகளை ஏற்றிக் கொக்கி மாட்டியிருந்தார்கள். பின்கதவு சரிவாகத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. உட்கார இடமில்லாமல் எழுத்தர் மெத்தைகளின் மேலேறி நோட்டை விரித்தார். உறை தைத்த குற்றத்துக்காக அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

“கண்ணு இருக்கறவன் இதுல தப்புப் பண்ணுவானா?” என்று குழுத் தலைவர் அவள் கணவனைப் பார்த்து உறுமினார். “சின்னக் குழந்தைகூடச் சொல்லிடும். இருங்க, ஒரே இருட்டா இருக்கு.” பேசியபடியே கையை நீட்டி சுவிட்சைத் தட்டினார்.

டக்.

விளக்கு எரியவில்லை. மெத்தைகள் விமானத் தளத்தில் பதித்திருந்த உருளைகளின் மேல் வழுக்கிக்கொண்டு கிளம்பின. எழுத்தரும் கூடவே கிளம்பினார், சம்மணம் கலையாமல். சரிவில் இறங்கி, கொட்டகையைக் கடந்து, காவலாளி அடித்த சல்யூட்டை வாங்கிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

“ஐயா, இதையும் எழுதிக்கட்டுங்களா?” என்று அங்கிருந்து குரல் வந்தது.

மூன்று நாள் சிரிப்பும் அவளுக்குச் சேர்த்து வைத்து வந்தது. கணவன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: “ஐயா, உங்களுக்கும் கவனக்குறைவுன்னு எழுதுவாங்களா?”

தலைவர் தன் கையையே பார்த்தார். பிறகு வாசலில் நின்ற எழுத்தரைப் பார்த்தார். “எழுதுய்யா” என்றார் கடைசியில்.

கணவன் வேலைக்குத் திரும்பினான். எல்லா விமானங்களுக்கும் சிவப்பு உறை தைக்க அவளுக்கே உத்தரவு வந்தது. உறை, குழுத் தலைவரின் யோசனை என்று அதில் போட்டிருந்தது. மெமோவை ரத்து செய்யக் கேட்டாள். தைத்த அன்று அனுமதி இல்லையே என்றார்கள். விழுந்து விழுந்து சிரித்தாள். முன்பு வேலை போன இருவரைப் பற்றிக் கேட்டாள். அது முடிந்துபோன கோப்பு என்றார்கள். அதற்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று இரண்டு உறைகள் கூடுதலாகத் தைத்து, விசாரணை அறிக்கையின் நகலோடு அந்த இரண்டு வீடுகளுக்கும் அனுப்பினாள். தக்காளிக்காரரின் மனைவியிடமிருந்து பதில் வந்தது: “உறையை எங்க வீட்டு சுவிட்சுல மாட்டியிருக்கார். வர்றவங்க எல்லாருக்கும் அறிக்கையைப் படிச்சுக் காட்டறார். அஞ்சு வருஷம் கழிச்சு இப்பதான் வாசல் பக்கமே வந்து உட்கார்றார், அக்கா.”